டொக்டருக்குச் சொல்லாத போத்தல்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்ரீயோடு இருந்து வாசியுங்கள். சீனி போடாமல்.

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி பல வாயிலிருந்து வருகிறது. ஜும்ஆ முடிந்து வரும்போது ஒருவர், பெற்றோர் கூட்டம் கலையும்போது ஒரு தாய், கடையடியில் ஒரு பழைய மாணவன். "சேர், சீனி வருத்தத்துக்கு இந்தப் பவுடர் நல்லதாமே, எடுக்கலாமோ?" ஃபோனில் படமும் காட்டுகிறார்கள்.

எங்கள் வீட்டில் டொக்டர் யாரும் இல்லை. எடுக்கலாம், எடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்ல எங்களால் முடியாது. ஆனால் அப்படி ஒரு போத்தலோடு எட்டு மாதம் குடும்பம் நடத்திய வீடு இது. அதில் நாங்கள் விட்ட பிழையைச் சொல்ல முடியும். எழுதுகிற கை ஒன்று. பேசுவது உம்மா உட்பட வீட்டிலுள்ள எல்லோரும்தான். உம்மாவிடம் கேட்டோம். "எழுதுங்கோ, ஆருக்கும் உதவட்டும். என்ர பேரை மட்டும் போடாதேங்கோ" என்றார்.

உம்மாவுக்குச் சீனி இருப்பது புத்தளத்தில்தான் தெரியவந்தது. 1990 ஒக்டோபர் 30 இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறிய குடும்பங்களில் எங்களதும் ஒன்று. அகதி வாழ்க்கையில் கிடைத்தது கூப்பன் சாமான். அரிசி, மா, பருப்பு, சீனி. மீனும் மரக்கறியும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. காலையில் ரொட்டி, பகல் சோறும் பருப்பும், இடையில் பசி எடுத்தால் சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணி. அந்தச் சாப்பாடுதான் வருத்தத்தைக் கொண்டுவந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. உம்மும்மாவுக்கும் சீனி இருந்தது, பரம்பரையும் சேர்ந்திருக்கும். 2004 இல் காலில் ஒரு புண் ஆற மறுத்தபோது இரத்தம் சோதித்தோம். அன்று தொடங்கியது குளிசை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2005-2006 இல் இலங்கையில் செய்த பெரிய ஆய்வு ஒன்று, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சீனி வருத்தமோ அதன் முன்நிலையோ இருப்பதாகக் கண்டது. யுத்த காலம் என்பதால் வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டுக் குளிரூட்டியைத் திறந்தாலும் இன்சுலினோ, அலுமாரியைத் திறந்தால் மெட்போமினோ இருப்பது உங்களுக்கே தெரியும்.

2010 இல் ஊர் திரும்பினோம். உம்மா ஒழுங்காகக் கிளினிக் போனார். மெட்போமினும் கிளிக்கிளசைட்டும் தந்திருந்தார்கள். ஒருமாதிரி ஓடியது.

பிறகு 2022 வந்தது. அந்த வருடத்தை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பெற்றோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, மருந்துக்கும் தட்டுப்பாடு. சில மாதங்களில் ஒரு குளிசை கிடைக்கும், மற்றதை வெளியே பாமசியில் வாங்கச் சொல்வார்கள். பாமசியில் விலை ஒவ்வொரு கிழமையும் ஏறும். ஆசிரியர் சம்பளத்தில் மாதக் கடைசி எப்படி இருந்தது என்று மற்ற ஆசிரியர்களுக்குத் தெரியும். குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்ட நாட்களும் உண்டு.

அந்த நேரத்தில்தான் சொந்தக்காரர் ஒருவர் அந்தப் போத்தலைக் கொண்டுவந்தார். பச்சை மூடி. "100% மூலிகை, பக்கவிளைவு இல்லை" என்று எழுதியிருந்தது. எந்த மூலிகை, எத்தனை கிராம், எங்கே செய்தது என்பது ஒன்றும் இல்லை. காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி, சுடுதண்ணியில்.

இரண்டு கிழமையில் உம்மாவின் வெறும்வயிற்றுச் சீனி 190 இலிருந்து 118 க்கு வந்தது.

எங்கள் சந்தோசத்தை என்னவென்று சொல்வது! அல்ஹம்துலில்லாஹ் என்றோம். பக்கத்து வீடுகளுக்குச் சொன்னோம். ஆசிரியர் ஓய்வறையில் சொன்னோம். எங்கள் வாய்ப்பேச்சை நம்பி மூன்று பேர் வாங்கினார்கள். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் விஞ்ஞானம் படிப்பிக்கிற வீடு இது. ஒரு பரிசோதனையில் ஒரே நேரத்தில் ஒரு காரணியை மட்டும்தான் மாற்ற வேண்டும், மற்றவை மாறாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுகிற கை, வீட்டில் அதை மறந்துபோனது. அதே இரண்டு கிழமையில் உம்மா தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்தியிருந்தார். பெற்றோல் இல்லாததால் எல்லா இடத்துக்கும் நடந்தே போனார். பாமசியில் குளிசை கிடைத்து ஒழுங்காகப் போடவும் தொடங்கியிருந்தார். நான்கு மாற்றம் ஒரே நேரத்தில். பெயரை மட்டும் போத்தல் தட்டிக்கொண்டு போனது.

கிளினிக்கில் சீனி நல்லாய் இறங்கியிருக்குது என்று மெச்சினார்கள். வெளியே வரும்போது உம்மா மெதுவாகச் சொன்னார்: "பிள்ளையள், டொக்டர் மிஸ்ஸுக்குப் பவுடர்க் கதையைச் சொல்லிப்போடாதேங்கோ. ஏசுவா."

நாங்களும் தலையாட்டினோம். அதுதான் எங்கள் பிழையின் தொடக்கம்.

2023 நோன்பு. பங்குனி வெயில். உம்மாவுக்கு 66 வயது. நோன்பை விடச் சொன்னால் அழுவார். நாங்களும் வற்புறுத்தவில்லை. குளிசையை எப்படி மாற்றுவது என்று யாரிடமும் கேட்கவில்லை. காலைக் குளிசையை ஸஹருக்கு நாங்களாகவே மாற்றினோம். பவுடரும் ஸஹருக்கு.

ஒன்பதாம் நோன்பு. அஸர் தொழுகை நெருங்கும் நேரம். உம்மா குசினியில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தார். திடீரென்று, "வாப்பா இன்னும் வரேல்லையோ? கதவைத் திறந்து விடுங்கோ" என்றார். வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருடம். திரும்பிப் பார்த்தால் உம்மாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. விரலில் குத்திப் பார்த்தோம். 41.

நோன்பை முறிக்கச் சொன்னோம். அவருக்கு விளங்கவில்லை. சரிந்தார். பதற்றத்தில் சீனித் தண்ணியை வாயில் ஊற்றினோம். புரைக்கேறி இருமினார். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்பதைப் பிறகுதான் படித்தோம். அல்லாஹ் காப்பாற்றினான். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார்.

டொக்டர் பிள்ளை கேட்டா: "அம்மா வேற ஏதும் எடுக்கிறவவோ? நாட்டு மருந்து, பவுடர், குடிநீர் ஏதும்?"

நாங்கள் மூன்று பேர் கட்டிலடியில் நின்றோம். மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னோம், "இல்லை மிஸ்."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று இன்றுவரை யோசிக்கிறோம். ஏச்சுக்குப் பயமா? படித்த குடும்பம் இப்படிச் செய்யலாமோ என்று கேட்பார்கள் என்ற வெட்கமா? அந்தப் பவுடர் நிற்பாட்டப்பட்டுவிடும் என்ற கவலையா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும்.

அன்று இரவு இரண்டு மணிக்கு உம்மாவின் சீனி திரும்பவும் 55 க்கு இறங்கியது. தாதி ஓடி வந்தா. அப்போதுதான் எங்களுக்கு உடம்பு நடுங்கியது. விடிந்ததும் டொக்டரிடம் போய் உண்மையைச் சொன்னோம். ஏசவில்லை. "போத்தலைக் கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னா. கொண்டுபோய்க் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"இதுக்குள்ள மூலிகை மட்டும்தான் இருக்குதோ, குளிசையை அரைச்சுக் கலந்திருக்கினமோ எண்டு பார்த்துச் சொல்ல ஏலாது. மூலிகை மட்டும் எண்டாலும், கிளிக்கிளசைட்டும் நோன்பும் சேர்ந்தால் சீனி விழலாம். நீங்கள் முதலே சொல்லியிருந்தால் நாங்கள் குளிசையின்ர அளவைக் குறைச்சிருப்பம். ராத்திரியும் கவனமாய்ப் பார்த்திருப்பம்."

குளிசையை அரைத்துக் கலப்பார்களா என்று நாங்கள் நம்பவில்லை. தேடிப் படித்தோம். 2008 ஜனவரி முதல் மே வரை சிங்கப்பூரில், சீனி வருத்தமே இல்லாத 150 பேர் இரத்தச் சீனி விழுந்து ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் எடுத்தது களவாக விற்கப்பட்ட ஆண்மைக் குளிகைகளும் "மூலிகை" மருந்துகளும். சோதித்தால் உள்ளே கிளிபென்கிளமைட், அதாவது சீனி வருத்தக் குளிசை. இது எங்கோ ஒரு நாட்டில் நடந்த கதைதான். எங்கள் போத்தலில் என்ன இருந்தது என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவரவில்லை. அதனால் எந்தப் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் "இரண்டு கிழமையில் 190 இலிருந்து 118" என்று ஒரு பவுடர் வேலை செய்தால், சந்தோசப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும் என்று இப்போது தெரியும்.

உம்மா சுகமாக வீடு வந்தார். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

எங்கள் மச்சான் ஒருவர் இருக்கிறார். ஓட்டோ ஓடுகிறவர். நாங்கள் உம்மாவின் 118 ஐப் பற்றிப் பெருமையடித்த நேரம் அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். பவுடருக்கு அவரிடம் காசில்லை. தெற்கிலிருந்து ஒரு கொத்தலா ஹிம்புட்டு மரக்கோப்பை வாங்கினார். இரவில் தண்ணி ஊற்றி வைத்துக் காலையில் குடித்தார். "இயற்கையே போதும்" என்று குளிசையை விட்டார். கிளினிக்கையும் விட்டார். அவரும் யாருக்கும் சொல்லவில்லை. எட்டு மாதம். செருப்பு வெட்டிய புண் ஒன்று காலில். வலிக்கவில்லை என்பதால் பார்க்கவில்லை. வலிக்காததுதான் ஆபத்து, நரம்பு செத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூன்று மாதச் சராசரி 12 ஐத் தாண்டியிருந்தது. ஒரு கால்விரலை எடுக்கவேண்டி வந்தது.

உம்மா சேர்த்ததைச் சொல்லவில்லை. மச்சான் விட்டதைச் சொல்லவில்லை. ஒருவருக்குச் சீனி விழுந்தது, மற்றவருக்கு ஏறியது. இரண்டு வீட்டிலும் நோய் ஒன்று, பிழையும் ஒன்று.

அதன் பிறகு நாங்கள் உட்கார்ந்து படித்தோம். "மூலிகை எல்லாம் பொய்" என்று எழுத வரவில்லை. அப்படி இல்லை.

மரக்கோப்பையை எடுப்போம். கொத்தலா ஹிம்புட்டு பொய் இல்லை. 1990களின் கடைசியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதிலிருந்து சலசினோல், கொத்தலனோல் என்ற இரண்டு பதார்த்தங்களைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டாவது பெயர் எங்கள் நாட்டு மரத்தின் பெயரிலிருந்தே வந்தது. குடலில் மாப்பொருளைச் சீனியாக உடைக்கிற நொதியை அவை மெதுவாக்குகின்றன. அக்காபோஸ் என்ற குளிசையும் இதே வேலையைத்தான் செய்கிறது. 2005 இல் இலங்கையில் 51 பேரை வைத்து, அந்தத் தேயிலையையும் போலித் தேயிலையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. மூன்று மாதச் சராசரி குறைந்தது. எவ்வளவு? அரைப் புள்ளிக்கும் குறைவு. நல்ல விஷயம்தான். ஆனால் 12 இல் நிற்கிற மச்சானை அது எங்கே கொண்டுபோய் விடும்? அதோடு, அது தடுப்பது சாப்பாட்டிலிருந்து வரும் சீனியை. இரவில் ஈரல் தானாகச் சுரக்கிற சீனிக்கு அதனிடம் பதில் இல்லை.

கருஞ்சீரகம். இதைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயங்கினோம். அதன் சிறப்பைச் சொல்லும் நபிமொழி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் எங்களுக்கு ஈமான் இருக்கிறது. 2010 இல் சவூதியில் 94 சீனி நோயாளிகளுக்குப் பன்னிரண்டு கிழமை கருஞ்சீரகம் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு இரண்டு கிராம் எடுத்தவர்களுக்குச் சீனி குறைந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் ஏற்கனவே போட்ட குளிசையோடு சேர்த்துத்தான் அதை எடுத்தார்கள், டொக்டர்களின் கண்காணிப்பில். சவூதி டொக்டர்களே குளிசையை நிற்பாட்டவில்லை என்றால், நாங்கள் ஏன் நிற்பாட்ட வேண்டும்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லித் தந்த மார்க்கம் எங்களுடையது. குளிசை அந்தக் கயிறு.

வெந்தயம் நார்ச்சத்தால் சீனி ஏறுவதை மெதுவாக்கும். குறிஞ்சா இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மண் மாதிரி இருக்கும். சின்ன வயதில் எல்லோரும் செய்து பார்த்த வேடிக்கை. பாவற்காய், குறிஞ்சா வறை, முருங்கையிலை, வல்லாரைச் சம்பல் எல்லாம் எங்கள் கோப்பையில் இருக்க வேண்டியவைதான். சாப்பாடாக இருக்கட்டும். சாறாக்கி, குளிகையாக்கி, பத்து மடங்காக்கி எடுக்கும்போது அது சாப்பாடு இல்லை, மருந்து. மருந்து என்றால் அளவு வேண்டும்.

கறுவா பற்றி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. அதிலும் மலிவாகக் கிடைக்கும் கசியாப் பட்டையில் கூமரின் என்ற பதார்த்தம் அதிகம், கூட எடுத்தால் ஈரலைத் தாக்கும். எங்கள் இலங்கைக் கறுவாவில் அது மிகக் குறைவு. கறிக்குப் போடுவதற்குப் பயமில்லை. கரண்டி கரண்டியாக விழுங்குவது வேறு.

இன்னொன்று. காமரங்காயும் விளிம்பிக்காயும் சீனிக்கும் கொழுப்புக்கும் நல்லது என்று சாறு பிழிந்து குடிக்கிறார்கள். இரண்டிலும் ஒக்சலேற்று அதிகம். வெறும் வயிற்றில் சாறாகக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்களும் கேரள மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். சீனி வருத்தக்காரரின் சிறுநீரகம் ஏற்கனவே களைத்தது. தயவு செய்து வேண்டாம்.

"இங்கிலீசு மருந்து இரசாயனம், நாட்டு மருந்து இயற்கை" என்ற கதையையும் விட்டுவிடுவோம். உம்மா போடுகிற மெட்போமினின் மூலம் ஒரு செடி. ஐரோப்பாவில் பழைய காலத்தில் சீனி வருத்தத்துக்குக் கொடுத்த கலேகா என்ற மூலிகையில் இருந்த பதார்த்தத்தைப் பின்தொடர்ந்து போய்த்தான் அதைச் செய்தார்கள். 1957 இல் ஜோன் ஸ்ரேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அந்தக் குளிசைக்கும் பச்சை மூடிப் போத்தலுக்கும் உள்ள வித்தியாசம், ஒன்றில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று தெரியும், கோடிக்கணக்கானவர்கள் எடுத்து என்ன நடந்தது என்றும் தெரியும். மற்றதில் எதுவும் தெரியாது.

சித்த மருத்துவத்தையும் நாங்கள் குறைத்துப் பேசவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகவே அதைப் படிப்பிக்கிறார்கள். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. படித்துப் பதிவு பெற்ற சித்த வைத்தியரிடம் போவது ஒன்று, ஃபோனில் படம் பார்த்துப் பவுடர் வாங்குவது வேறொன்று. உம்மா பின்னர் ஒரு சித்த வைத்தியரிடம் போனார். அவர் முதலில் கேட்டது, "கிளினிக் கொப்பியைக் காட்டுங்கோ."

இன்னொரு விஷயம். உம்மாவுக்கு உண்மையில் ஒரு சத்து மருந்து தேவைப்பட்டது. அது போத்தலில் இருந்த எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் பாதம் விறைப்பதாகச் சொன்னபோது விற்றமின் பி12 சோதித்தார்கள். குறைவு. மெட்போமினை நெடுங்காலம் எடுப்பவர்களில் சிலருக்கு அது குறையும். பாதம் விறைப்பதைச் சீனி என்றே நினைத்து விட்டுவிடுவோம். எத்தனையோ ஆயிரம் ரூபாயைப் பவுடருக்குக் கொடுத்தோம், தேவையான ஒன்றை யாரும் கேட்கவில்லை. காரணம், விறைப்பதையும் உம்மா சொல்லவில்லை. பல வருடமாக மெட்போமின் எடுப்பவர்கள் அடுத்த கிளினிக்கில் பி12 பற்றி ஒருமுறை கேளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம்? பெரிதாக ஒன்றுமில்லை.

குரக்கன் புட்டு என்று சொல்லி ஒரு நீத்துப்பெட்டியை முழுதாக முடிப்பதை நிறுத்தினோம். குரக்கனும் மாப்பொருள்தான், அளவுதான் முக்கியம். கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி மீனோ பருப்போ, கால்வாசி சோறோ புட்டோ. "பனங்கட்டி சீனியில்லை" என்ற பழைய நம்பிக்கையையும் கைவிட்டோம். பனங்கட்டி, தேன், சிவப்புச் சீனி எல்லாம் உடம்புக்குள் போனால் சீனிதான். பெரிய பேரீச்சம்பழம் ஒன்றில் மூன்று நான்கு தேக்கரண்டி சீனி இருக்கும். சுன்னத்துக்கு ஒன்று போதும் என்று உம்மாவே சொல்கிறார். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் நடக்கிறோம். மாமியவை கதைத்துக்கொண்டு நடப்பதால் வேகம் குறைவு, ஆனால் நடக்கிறோம்.

நோன்புக்கு ஒன்றரை மாதம் முன்பே டொக்டரிடம் போகிறோம். யார் பிடிக்கலாம், யார் விடவேண்டும், குளிசை எந்த நேரம், எவ்வளவு என்று கேட்டு எழுதுகிறோம். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது உலமாக்கள் பலரும் சொன்னது. 70 க்குக் கீழே போனாலோ, 300 க்கு மேலே போனாலோ நோன்பை முறிக்க வேண்டும். மஃரிப் நெருங்கிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று பார்க்கக்கூடாது. உம்மாவுக்கு விழுந்தது அஸர் நெருங்கும் நேரத்தில்தான். சீனி விழுந்தால், ஆள் நினைவோடு இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் இல்லை, உடனே ஆஸ்பத்திரி.

உம்மா சென்ற நோன்பில் சில நாள் பிடித்தார், சில நாள் விட்டார். விட்ட நாட்களில் முதலில் அழுதார். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை வேண்டாம் என்று சொல்வது வணக்கமா என்று மௌலவி ஒருவர் அன்பாகக் கேட்டார். அதோடு அமைதியானார்.

இனி, பவுடர்ப் படம் காட்டிக் கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில். நாங்களே எங்களிடம் கேட்டிருக்க வேண்டிய ஐந்து கேள்விகள்:

1. குளிசையை நிற்பாட்டலாம் என்று சொல்லி விற்கிறார்களா? அப்படியென்றால் அங்கேயே திரும்பி வாருங்கள்.

2. உள்ளே என்ன, எவ்வளவு, யார் செய்தது, பதிவு இருக்கிறதா என்று போத்தலில் எழுதியிருக்கிறதா?

3. தொடங்குவதற்கு முன் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி பார்த்தீர்களா? சிவப்பணு ஏறத்தாழ நான்கு மாதம் வாழும். அதனால்தான் ஒரு நாள் விரல் குத்துவதை விட அந்த அளவு நம்பிக்கையானது. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். இறங்காவிட்டால் காசை மிச்சம் பிடியுங்கள்.

4. சிறுநீரகமும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்று தெரியுமா?

5. டொக்டருக்குச் சொல்லியாச்சா?

முதல் நான்குக்கும் பதில் தெரியாவிட்டாலும் ஐந்தாவதைச் செய்யுங்கள். மற்ற நான்கையும் டொக்டர் கேட்பார். கிளினிக்கில் கூட்டம், இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், வாய் திறக்கப் பயம். எல்லாம் எங்களுக்கும் தெரியும். அதற்கு உம்மா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், தான் வாயில் போடுகிற எல்லாவற்றையும் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். குளிசை, பி12, வெந்தயத் தண்ணி, கிழமையில் இரண்டு நாள் குறிஞ்சா, ஒரு சிட்டிகை கருஞ்சீரகம். டொக்டரிடம் கொப்பியைக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுப்பார். வாய் பேசத் தேவையில்லை.

போன மாதம் டொக்டர் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுச் சிரித்தாவாம். "அம்மா, உங்களை மாதிரி எல்லாரும் எழுதிக்கொண்டு வந்தால் எங்களுக்கு எவ்வளவு லேசு" என்றாவாம். அன்று முழுக்க உம்மாவுக்குப் பெருமை.

உம்மாவின் கடைசி எச்பிஏ1சி 7.4. அவருடைய வயதுக்கு அது போதும் என்றார்கள். மச்சான் திரும்ப ஓட்டோ ஓடுகிறார், ஒவ்வொரு இரவும் மகள் ரோச் பிடித்து அவருடைய பாதத்தைப் பார்க்கிறாள்.

நாங்கள் பரிந்துரைத்துப் பவுடர் வாங்கிய மூன்று பேரிடமும் வீடு தேடிப் போய் நடந்ததைச் சொன்னோம். இரண்டு பேர் நிறுத்தினார்கள். ஒருவர் இன்னும் எடுக்கிறார். அவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டோம். கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள் என்று. இன்று உங்களிடமும் அதைத்தான் கேட்கிறோம். இன்றிரவே வீட்டிலுள்ள பெரியவர்களின் கொப்பியை எடுத்துப் பக்கத்தில் இருந்து, ஏசாமல் கேட்டு, எழுதிக் கொடுங்கள்.

உம்மாவுக்காகவும், எங்கள் தெருவில் குளிசை போடுகிற எல்லா உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் துஆச் செய்யுங்கள். அல்லாஹ் எல்லோருக்கும் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.